பின் சீட்டில் உட்காராமல் கார் வாங்காதீர்கள்

மின்சார கார் வாங்கிப் பத்து மாதம் ஆகிறது. "எவ்வளவு ஓடுது?" என்று கேட்காத உறவினர் பாக்கி இல்லை. "பிள்ளைங்க சௌகரியமா உக்காந்து வர்றாங்களா?" என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. என்ன வண்டி என்று மட்டும் சொல்லப் போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் விளம்பரம் என்பீர்கள், மீதிப் பேர் உங்கள் வண்டியின் அருமை பெருமைகளை எடுத்துவிடுவீர்கள்.

நாங்கள் ஐந்து பேர். நான், வீட்டுக்காரர், ஒன்பது வயது மகள், மூன்று வயது மகன், முட்டிவலி உள்ள மாமியார். இருப்பது கோவையில், மாமியாருக்கு ஊர் கோவில்பட்டி பக்கம். பள்ளிக்கூடம், அலுவலகம், காய்கறிக்கடை என்று தினசரி ஓட்டம் 30 கிலோமீட்டரைத் தாண்டாது. அதில் முக்கால்வாசி ஓட்டுவது நான். வருஷத்துக்கு நாலைந்து தடவை ஊருக்குப் போவோம், ஒரு பக்கம் சுமார் 315 கிலோமீட்டர். கார் தேட ஆரம்பித்தபோது வீட்டில் நடந்த பேச்சு முழுக்க அந்த 315ஐச் சுற்றியேதான். மீதி முந்நூற்றைம்பது நாளைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. நானும் அப்படித்தான் இருந்தேன், பொய் சொல்லக் கூடாது.

முதல் ஷோரூமில் ஒரு தம்பி நேராக வீட்டுக்காரரிடம் போய், "சார், ஒரே சார்ஜ்ல நானூத்தி அம்பது கிலோமீட்டர் போகுங்க" என்றார். பிறகு பெரிய திரை, கூரைக் கண்ணாடி, கலர் மாறும் விளக்கு. நான் வீட்டிலிருந்தே மகனின் குழந்தை இருக்கையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அதை மாட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் சீட்டின் இடுக்கில் கையை விட்டுத் துழாவினார். கிடைக்கவில்லை. இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்றாவதாக வந்தவர்தான் சீட் துணிக்கு உள்ளே புதைந்திருந்த கம்பியைக் கண்டுபிடித்தார். அதற்குள் என் மகன் டிரைவர் சீட்டில் ஏறி எல்லாப் பட்டனையும் அழுத்தி முடித்திருந்தான்.

இருக்கையை மாட்டிய பிறகுதான் உண்மை தெரிந்தது. ஒரு ஓரத்தில் அது, மறு ஓரத்தில் மகளை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் இருக்கை, நடுவில் மாமியார். அத்தை தன் பெல்ட்டின் கொக்கியைத் தேடுகிறார், அது குழந்தை இருக்கைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஷோரூமில் எங்களைத் தவிர வேறு யாரும் பின் சீட்டில் உட்கார்ந்து பார்க்கவே இல்லை. ஆண்கள் முன்னால் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவுகிறார்கள், பெண்கள் வெளியே நின்று கலர் பார்க்கிறார்கள். பின் சீட்டில்தான் குடும்பத்தில் பாதிக்கு மேல் உட்காரப் போகிறது.

இன்னொரு வண்டியில் அத்தை ஏறிய இரண்டாவது நிமிஷமே, "எம்மா, இதுல குத்துக்கால் வச்சு உக்காந்த மாதிரில்லா இருக்கு" என்றார். மின்சார வண்டிகளில் இது கவனிக்க வேண்டிய விஷயம். பேட்டரி தரைக்கு அடியில் இருக்கிறது. பெட்ரோல் வண்டியாகப் பிறந்து பிறகு மின்சாரத்துக்கு மாறிய சில மாடல்களில் தரை உயர்ந்துவிடும், சீட் பழைய உயரத்திலேயே இருக்கும். முட்டி மேலே வரும், தொடைக்குத் தாங்கல் இருக்காது. பத்து நிமிஷ டெஸ்ட் டிரைவில், அதுவும் முன் சீட்டில் இருப்பவருக்கு, இது தெரியவே தெரியாது. முதலிலிருந்தே மின்சார வண்டியாக வடிவமைத்தவற்றில் இந்தத் தொல்லை பொதுவாகக் குறைவு. அதையும் உட்கார்ந்து பார்த்த பிறகே நம்புங்கள். மகள் இப்போது குட்டைதான், ஆனால் கார் எட்டு வருஷம் நம்மோடு இருக்கப் போகிறதே.

பாதுகாப்பு மதிப்பெண் பற்றி ஒன்று. கார்களை மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபரில் தொடங்கியது. ஐந்து நட்சத்திரம் என்றதும் நாம் திருப்தியாகிவிடுகிறோம். அதில் பெரியவர்களுக்கு 32, குழந்தைகளுக்கு 49 என்று தனித்தனி மதிப்பெண் உண்டு. டாடா நெக்ஸான் இவி (இவி என்றால் மின்சார வண்டி) குழந்தைகள் பகுதியில் 44.95, டாடா பஞ்ச் இவி 45, மஹிந்திரா எக்ஸ்இவி 9இ 45. நல்ல எண்கள்தான். ஆனால் மோதல் சோதனையில் ஒன்றரை வயது, மூன்று வயது பொம்மைகளைக் குழந்தை இருக்கையில் வைத்துக் கட்டித்தான் மோதவிடுகிறார்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போகிறவருக்கு அந்த 45இல் ஒரு மதிப்பெண்கூடச் சேராது. 2019 சட்டத் திருத்தப்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லையென்றால் 1,000 ரூபாய் அபராதம். யாரிடமும் வாங்கி நான் பார்த்ததில்லை. 20 லட்சத்துக்குக் கார் எடுத்துவிட்டு, பத்தாயிரத்துக்கு ஒரு இருக்கை வாங்க யோசிக்கிற சொந்தக்காரர்கள் எனக்கு இருக்கிறார்கள். படித்துக்கொண்டும் இருப்பார்கள்.

அடுத்தது வாந்தி. இதை எந்த விமர்சன வீடியோவிலும் நான் பார்த்ததில்லை. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து, அந்த வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ரீஜென் என்கிறார்கள். அதைக் கூட்டி வைத்தால் பிரேக்கைத் தொடாமலே ஓட்டலாம், ஓட்டுபவருக்குப் பெரிய சந்தோஷம். வண்டி வாங்கிய மூன்றாவது வாரம் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குப் போனோம். வீட்டுக்காரர் ரீஜெனை உச்சத்தில் வைத்துக்கொண்டு, "பார், பிரேக்கே வேண்டாம்" என்று வளைவுக்கு வளைவு காட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தடவை காலை எடுக்கும்போதும் பின்னால் மூன்று தலைகளும் முன்னால் வந்து போயின. பாதி மலையில் மகள், "அம்மா, வயித்தைப் பெரட்டுது" என்றாள். அவள் சொல்லி முடிக்கவும் மகன் வேலையை முடித்துவிட்டான். புது சீட், வெளிர் நிறம்.

அன்றிலிருந்து பிள்ளைகள் இருந்தால் ரீஜென் குறைந்த நிலையில்தான். இறக்கத்தில் மட்டும் ஒரு படி கூட்டிக்கொள்வோம். டெஸ்ட் டிரைவில் அதை எத்தனை படியாக மாற்ற முடிகிறது, வண்டியை அணைத்துப் போட்டாலும் நாம் வைத்த படி நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அன்று ஏறும்போது பேட்டரியில் கால்வாசிக்கு மேல் கரைந்தது. இறங்கும்போது 6 சதவீதம் ஏறியிருந்தது. வீட்டுக்காரர் அந்த ஆறைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். சீட்டைத் துடைத்தது நான்.

சரி, ரேஞ்சுக்கு, அதாவது ஒரே சார்ஜில் ஓடும் தூரத்துக்கு வருவோம். கம்பெனி சொல்லும் எண்ணில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏசி போட்டு, ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், நான்கு வழிச்சாலையில் 100இல் போனால் எங்களுக்கு அவ்வளவுதான் கிடைக்கிறது. கோவையில் கிளம்பி தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல் வந்தால் கிட்டத்தட்ட பாதித் தூரம். மூன்று வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தப் பாதித் தூரத்தையே நிறுத்தாமல் வர முடியாது. ஒன்றுக்கு, தண்ணீர், பசி, அக்கா கிள்ளிவிட்டாள். எப்படியும் முக்கால் மணி நேரம் எங்காவது நிற்கத்தான் போகிறோம். அதைச் சார்ஜர் இருக்கும் இடத்தில் நின்றுவிட்டால் முடிந்தது கதை. 80 சதவீதம் வரைதான் வேகமாக ஏறும், அதற்கு மேல் நத்தை, காத்திருப்பது வீண்.

அதனால் "போதுமா, நடுவழியில நின்னுடுமா" என்ற பயத்தில் மட்டும் பெரிய பேட்டரிக்குக் கூடுதலாக இரண்டு, மூன்று லட்சம் கொடுக்காதீர்கள். சார்ஜரின் பக்கத்தில் சுத்தமான கழிப்பறை இருக்கிறதா என்பதுதான் எங்களுக்கு முக்கியம். ஒரு தடவை இரவு பதினொரு மணிக்குப் புதர் மண்டிப் போன ஒரு இடத்தில் போய் நின்றோம். இரண்டு சார்ஜரில் ஒன்று வேலை செய்யவில்லை, விளக்கு இல்லை, கழிப்பறை பூட்டிக் கிடந்தது. அன்று ஒரு ஆறுதல் என்னவென்றால், எஞ்சின் ஓடாமலே ஏசி ஓடும். பிள்ளைகள் தூங்கிக்கொண்டே இருந்தார்கள். இப்போது சார்ஜரை ஒட்டி நல்ல ஹோட்டல் இருக்கும் இடமாகப் பார்த்துதான் திட்டம் போடுகிறோம், அதுவும் இரவுக்கு முன்னால். பொங்கல், தீபாவளி என்றால் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது.

பெரிய பேட்டரியைவிட முக்கியமானது வீட்டில் சார்ஜ் போட இடம். எங்களுக்குத் தனி வீடு, போர்ட்டிகோவில் 15 ஆம்பியர் பிளக். எர்த் சரியில்லை என்று முதல் நாள் கார் சார்ஜ் ஏற மறுத்துவிட்டது. எலக்ட்ரீஷியன் வந்து புதுசாக எர்த் குழி போட்ட பிறகுதான் சமாதானமானது. அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் காருக்கு முன்பணம் கட்டும் முன்பே அசோசியேஷனில் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை செயலாளர் மாறும்வரைதான் செல்லும்.

கரண்ட் பில்லையும் சொல்லிவிடுகிறேன். "கிலோமீட்டருக்கு ஒரு ரூபா" என்று சொல்லி விற்பார்கள். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ரீடிங், 500 யூனிட்டைத் தாண்டினால் கதையே வேறு என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் 350 யூனிட் வந்துகொண்டிருந்தது. கார் மாதம் 150 யூனிட் குடிக்கிறது, இரண்டு மாதத்துக்கு 300. மொத்தம் 650. ஆயிரத்துக்குள் வந்துகொண்டிருந்த பில் 3,400ஐத் தொட்டது. மாமியார் பில்லைப் பார்த்துவிட்டு, "பேசாம பெட்ரோலே போட்டிருக்கலாமோ" என்றார். கணக்குப் போட்டுக் காட்டினேன். கூடுதலாக வந்த 2,500 ரூபாய்க்கு 2,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறோம், கிலோமீட்டருக்கு ஒண்ணேகால் ரூபாய். பழைய பெட்ரோல் காருக்கு ஏழு ரூபாய்க்குக் குறையாது. வெளியே சார்ஜ் போட்டால் யூனிட் 20 ரூபாயைத் தாண்டும் இடங்களும் உண்டு, அப்போது லாபம் நன்றாகவே குறைந்துவிடும். வீட்டில் சார்ஜ் போட வழியில்லாதவர்களுக்கு என் யோசனை, இப்போதைக்கு அவசரப்பட வேண்டாம்.

எந்த வண்டி என்று கேட்பவர்களுக்கு: நால்வர் குடும்பம், ஊருக்குள்ளேயே ஓட்டம் என்றால் பஞ்ச் இவி அளவு போதும். பின் சீட்தான் முக்கியம் என்றால் எம்ஜி வின்ட்சர் இவியில் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள், அதன் பின் சீட் 135 டிகிரி வரை சாயும். 38 யூனிட் பேட்டரிக்கு அவர்களே சொல்லும் எண் 332 கிலோமீட்டர், என் கணக்குப்படி அதிலும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பயணம் அதிகம் என்றால் 45 யூனிட் நெக்ஸான், 51.4 யூனிட் ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக் மாதிரியானவை. தாத்தா பாட்டி எல்லாரும் ஒன்றாகப் போகிறவர்களுக்கு கியா கேரன்ஸ் கிளாவிஸ் இவி, மஹிந்திரா எக்ஸ்இவி 9எஸ் என்று ஏழு சீட்டிலும் இப்போது வந்துவிட்டன. மூன்றாவது வரிசையை நிமிர்த்திய பிறகு டிக்கியில் பெட்டி வைக்க இடம் மிஞ்சுகிறதா என்று உங்கள் பெட்டியையே கொண்டுபோய்ப் பாருங்கள். பேட்டரி வாரண்டி பொதுவாக எட்டு வருஷம், 1,60,000 கிலோமீட்டர். ஆயுள் முழுக்க என்று சொன்னால், முதல் உரிமையாளருக்கு மட்டுமா என்று கேளுங்கள்.

கடைசியாக, சத்தம். அதாவது, சத்தம் இல்லாதது. பழைய வண்டியை ஸ்டார்ட் செய்தால் மகன் தானாக ஓரமாக ஓடிவிடுவான். இந்த வண்டி வந்த புதிதில் ஒரு காலை, நான் ரிவர்ஸ் போட்டுக் கேமராவைப் பார்க்கிறேன், பின் பம்பரை ஒட்டிக் குத்த வைத்து உட்கார்ந்து அவன் எறும்புக்கு வழி போட்டுக்கொண்டிருக்கிறான். வண்டி கிளம்பத் தயாராக நிற்பதே அவனுக்குத் தெரியவில்லை. அன்று முழுக்க எனக்குக் கை நடுங்கியது.

இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வண்டியில் வராதவர்கள் எல்லாரும் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் போய் நின்று கையைத் தூக்க வேண்டும். மகன் இரண்டு கையையும் தூக்கி, "நான் இங்க இருக்கேன்!" என்று தெருவே கேட்கக் கத்துவான். அத்தையும் தூக்குவார். அதன்பிறகுதான் ரிவர்ஸ். வண்டிக்கடியில் தூங்குகிற பக்கத்து வீட்டுப் பூனையை மட்டும் இன்னும் தினமும் குனிந்து பார்த்து எழுப்ப வேண்டியிருக்கிறது.