எண்பது வயதில் தூரிகை பிடித்த பாட்டி என்று சொல்லாதீர்கள்

எமிலி காம் உங்வாரேயின் ஓவியத்தை யார் பகிர்ந்தாலும் கூடவே ஒரு கதையும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் ஒரு பழங்குடிப் பாட்டி, எண்பதை நெருங்கும்போது தூரிகையைத் தொட்டார், உலகப் புகழ் பெற்றார், ஆகவே சாதிக்க வயது தடையில்லை. இந்த வாரமும் அப்படி ஒரு பதிவு கண்ணில் பட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையை மட்டும் வைத்துக்கொண்டு அவருடைய பெரிய ஓவியங்களுக்கு முன்னால் போய் நின்றால் ஒன்றும் பிடிபடாது.

'பிக் யாம் ட்ரீமிங்' என்ற ஓவியத்தையே எடுத்துக்கொள்வோம். 1995-இல் வரைந்தது, மெல்பர்னில் விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. உயரம் கிட்டத்தட்ட 3 மீட்டர், அகலம் 8 மீட்டர். கறுப்புப் பரப்பு முழுக்க வெள்ளைக் கோடுகள். வேறு நிறமே கிடையாது. ஒரு கோடு வளைந்து போய் இன்னொன்றில் புகுந்து, பிரிந்து, மூன்றாவதோடு பின்னிக்கொண்டு ஓடுகிறது. எங்கே தொடங்கினார், எங்கே முடித்தார் என்று விரலால் பின்தொடரப் பார்த்தால் நாலாவது வளைவிலேயே தொலைந்துவிடுவோம். கிட்டப் போனால் இன்னொன்று தெரியும். கோடு எங்கும் ஒரே தடிமனாக இல்லை. தோய்த்து எடுத்த இடத்தில் பளீரென்று இருக்கிறது, போகப்போக மெலிந்து சாம்பலாகிறது, மறுபடி தோய்த்ததும் தடிக்கிறது. முன்வரைவும் இல்லை, அழித்துத் திருத்துவதும் இல்லை. கேன்வாஸைத் தரையில் விரித்து, அதன் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டே நாளில் முடித்திருக்கிறார்.

சரி, அந்தக் கோடுகள் என்ன?

எமிலியின் பாலைவனத்தில் 'பென்சில் யாம்' என்று ஒரு கிழங்கு உண்டு. பெயர்தான் யாம், அதாவது வள்ளிக்கிழங்கு, செடி பயறு வகை. நம் உளுந்தும் பாசிப்பயறும் சேர்ந்த அதே விக்னா பேரினம். கொடி தரையோடு படரும், அடியில் பென்சில் மாதிரி ஒல்லியாக வேர்க்கிழங்கு இறங்கும். கிழங்கு முற்றும்போது மேலே மண் வெடிப்பு விடும். பெண்கள் குச்சியால் தோண்டி எடுத்துப் பச்சையாகவும் தின்பார்கள், சாம்பலில் சுட்டும் தின்பார்கள். எமிலியின் பெயரில் உள்ள 'காம்' இந்தக் கொடியின் விதையைக் குறிப்பது. அந்தக் கிழங்குக்கும் அது விளையும் நிலத்துக்கும் அவர் உரிமைக்காரர், பொறுப்பாளி. அந்தப் பொறுப்பு பிறப்போடு வந்தது.

இப்போது மறுபடி ஓவியத்துக்கு வாருங்கள். வேர் ஓடும் தடமும் மண்ணின் வெடிப்பும் அதில் ஒன்றாகக் கிடக்கின்றன. தொடுவானம் இல்லை, மரம் இல்லை, தூரத்து மலை இல்லை. இயற்கையை வரைவது என்றால் நாம் இங்கே நிற்க, அது அங்கே இருக்க, நடுவில் ஒரு சட்டம் என்றுதான் பழகியிருக்கிறோம். இவர் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு, அடியில் ஓடுவதை வரைகிறார். அத்தனை பெரிய கேன்வாஸ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், ஆள் உட்கார இடம் வேண்டாமா என்பதுதான்.

கோட்டுக்கு இன்னொரு மூலமும் உண்டு. 'அவெல்யே' என்பது அந்த ஊர்ப் பெண்களின் சடங்கு. பாடிக்கொண்டே தோளிலும் மார்பிலும் காவியும் வெள்ளையுமாகக் கோடுகள் தீட்டிக்கொண்டு ஆடுவார்கள். எமிலி அதில் மூத்தவர். வயதுக்கு வந்த காலத்திலிருந்து உடம்பிலும் மண்ணிலும் கோடு போட்டு வந்த கை அது. அப்புறம் 1977-இல் அவர் வாழ்ந்த யுட்டோப்பியா பகுதிப் பெண்கள் பாத்திக், அதாவது மெழுகால் கோலமிட்டுச் சாயம் தோய்க்கும் துணி வேலையைக் கற்றுக்கொண்டபோது, அவரும் மெழுகில் பத்து வருடத்துக்கு மேல் பழகினார். அக்ரிலிக் வண்ணமும் கேன்வாஸும் 1988-89 வாக்கில்தான் வந்தன. ஆக, கடைசியாக மாறியது பொருள் மட்டும். அதைத்தான் 'எண்பதில் தொடங்கினார்' என்கிறோம். அதற்கு முந்தைய அறுபது வருடத்தைக் கணக்கிலேயே சேர்க்காததால் வரும் பேச்சு இது.

விமர்சகர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஒருவர் பிரெஞ்சு ஓவியர் மோனே மாதிரி என்பார், இன்னொருவர் அமெரிக்க அரூப ஓவியர் பொல்லாக் மாதிரி என்பார். இவர்கள் ஓவியங்களைப் பார்க்காமலே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தாராம்! பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் 'அதே இடம்' என்று யார் முடிவு செய்தது? என்ன வரைகிறீர்கள் என்று கேட்டபோது எமிலியே பட்டியல் போட்டிருக்கிறார்: கிழங்கு, முள் பல்லி, புல் விதை, ஈமு என்று அடுக்கிக்கொண்டே போய், மொத்தமும் என்றார். எந்த உருவத்தையும் காட்டாத அரூப ஓவியம் என்ற பெட்டிக்குள் இந்தப் பட்டியலை எப்படி அடைப்பது?

சுமார் எட்டு வருடத்தில் மூவாயிரம் ஓவியங்கள் வரைந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 1996-இல் இறந்தார். அவருடைய 'எர்த்ஸ் கிரியேஷன்' ஓவியம் 2007-இல் ஏலத்தில் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது, 2017-இல் அதுவே 21 லட்சம். ஏலச் செய்தி இங்கே எல்லோருக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது, கிழங்குச் செய்திதான் வருவதில்லை.

எனக்கு ஒரு ஆசை. 2025-இல் லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடம் வரை அவருடைய ஓவியங்கள் போயின, எல்லா இடத்திலும் சுவரில்தான் தொங்கின. தரையில் கிடத்தி, நாலு பக்கமும் சுற்றிவந்து வரைந்ததற்கு மேல் எது, கீழ் எது? ஏதாவது ஒரு அருங்காட்சியகம் 'பிக் யாம்' ஓவியத்தைத் தரையில் விரித்துவைத்து, மேலே ஒரு நடைபாலம் போட்டு நம்மைப் பார்க்கவிட வேண்டும். ஓவியப் பராமரிப்புப் பிரிவுக்காரர்கள் தூசி, ஈரம் என்று அலறுவார்கள், நியாயம்தான். அப்படியென்றால் அதே அளவில் ஒரு நகலையாவது தரையில் போடுங்கள். அதன் மேல் குழந்தைகள் உட்காரட்டும்.