பக்கத்துக்கு 500 ரூபா

சென்ற மாரி முடிந்த கையோடு, மட்டக்களப்புக்கு அருகே ஆரையம்பதியில் மாமி வீட்டு றங்குப்பெட்டியைத் திறந்து வெயிலில் காயவைத்தபோது, காலஞ்சென்ற மாமா 1970களில் கொழும்புப் பத்திரிகையொன்றுக்கு வாராவாரம் வரைந்த சித்திரக்கதையின் மூலப் பக்கங்கள் 41 வெளியே வந்தன. செய்தி எப்படியோ பரவியது. ஒரு கிழமைக்குள் பழைய பொருட்களை வாங்கி விற்கும் ஒருவர் வந்து, பக்கமொன்றுக்கு 500 ரூபா தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். "குடுக்கலாமா மனே, நீதான் பாத்துச் சொல்லணும்" என்று மாமி என்னைக் கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு மாதம் தேடி வாசித்த பிறகு, கொடுக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு குடும்பங்களும் எங்கள் பக்கத்தில் இருக்கக்கூடும் என்பதால், காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

சித்திரக்கதை மூலங்கள் உலகச் சந்தையில் என்ன விலைக்குப் போகின்றன என்பது பலருக்குத் தெரிந்ததே. 2021 சனவரியில் பாரிஸின் ஆர்ட்கூரியால் ஏலத்தில், டின்டின் கதைகளைப் படைத்த ஹெர்ஜே 1936இல் 'நீலத் தாமரை'க்காக வரைந்த அட்டைப்படம் ஏறத்தாழ 32 இலட்சம் யூரோவுக்கு விற்பனையானது. அத்தனை வண்ணங்களோடு அச்சிடச் செலவு அதிகமாகும் என்று ஒதுக்கப்பட்ட ஓவியம் அது. மடித்த கோடுகள் இன்றும் அதில் தெரிகின்றன. மறு ஆண்டு சனவரியில், அமெரிக்காவின் டலஸ் நகரிலுள்ள ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில், மைக் செக் 1984இல் வரைந்த ஸ்பைடர்மேன் கதையின் உட்பக்கம் ஒன்று, 3 இலட்சத்து 30 ஆயிரம் டொலரில் தொடங்கி 33 இலட்சத்து 60 ஆயிரம் டொலரில் முடிந்தது. ஸ்பைடர்மேனின் கறுப்பு உடை எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் பக்கம் என்பதே அந்த விலைக்குக் காரணம். அதே இதழில் அதே கை வரைந்த வேறொரு பக்கத்துக்கு அப்படிப்பட்ட தொகை கிடைத்திருக்காது. அறிவிக்கப்படும் இத்தொகைகளுக்குள் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் அறவிடும் கட்டணமும் அடக்கம் என்பதையும், அது பல இடங்களில் சுத்தியல் தட்டிய விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாது என்பதையும், ஆகவே விற்றவரின் கைக்குப் போவது இதைவிடக் குறைவு என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

மாமாவின் பக்கங்கள் இலட்சக்கணக்கில் போகும் என்று நான் சொல்ல வரவில்லை. விலை எப்படி உருவாகிறது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். ஏலத்தில் ஒரு பக்கத்தை மதிப்பிடுபவர், யார் வரைந்தது, எந்த நாளில் எந்த இதழில் வெளிவந்தது, கதையின் முக்கிய பாத்திரம் அதில் இருக்கிறதா, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று பார்த்துவிட்டு, அதற்கு முன்னர் அதே ஓவியரின் பக்கம் என்ன விலைக்குப் போனது என்று தேடுகிறார். மாமாவின் படங்களைப் பொறுத்தவரை அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதிலே இல்லை. அப்படியிருக்க, முதலில் சொல்லப்படும் தொகையே இனிமேல் அளவுகோலாகிவிடும். மாமி 500 ரூபாவுக்குச் சம்மதித்தால், நாளைக்குக் கல்முனையிலோ களுவாஞ்சிகுடியிலோ இன்னொரு ஓவியரின் பிள்ளைகளிடமும் அதே 500தான் பேசப்படும். வந்தவர் ஏமாற்றுக்காரர் என்று நான் நினைக்கவில்லை. பழைய கடதாசிக்கு அவர் அறிந்த விலையை அவர் சொன்னார்.

இனி அந்தப் பக்கங்களைப் பற்றி. அச்சில் மூன்று பத்தி அகலத்துக்கு வந்த படத்தை மாமா அதைப்போல் இரண்டு மடங்கு பெரிதாக, தடித்த மட்டையில், கறுப்பு மையினால் வரைந்திருக்கிறார். மைக்கோட்டின் அடியில் நீலப் பென்சில் கோடுகள் இன்னும் கிடக்கின்றன. அச்சுக்காகப் பக்கத்தைப் படமெடுக்கும் புகைப்படக் கருவியில் அந்த மெல்லிய நீலம் பதியாது என்பதால் அழிக்காமலே விட்டிருக்கிறார். ஒரு கட்டத்தில் தோணிக்காரன் பேசும் வசனத்தின் மேல் வெள்ளை வர்ணம் தடவி, வேறு வசனம் எழுதியிருக்கிறார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் பழைய வசனம் தெரிகிறது. அதைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழ் ஓரத்தில், அந்தப் படத்திலிருந்து புளொக் எனும் அச்சுத் தகட்டைச் செய்பவருக்காகச் சிவப்புப் பென்சிலில் '3 பத்தி' என்ற குறிப்பு. பின்புறத்தில் பத்திரிகை அலுவலகத்தின் திகதி முத்திரை. அச்சுப் பிரதியில் இவற்றில் ஒன்றுமே இல்லை. மூலத்தின் மதிப்பு இந்த அழுக்குகளில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

இதை அறியாததால் ஒரு பிழை நடந்துவிட்டது. மாமா காலமான ஆண்டில், நினைவாகச் சுவரில் மாட்டலாம் என்று மூன்று பக்கங்களை நகரத்துக் கடையொன்றில் கொடுத்தோம். சட்டத்துக்கு அளவாக நான்கு ஓரங்களையும் வெட்டி, சூடேற்றி, லமினேட் செய்து தந்தார்கள். அப்படிச் செய்யச் சொன்னதே நாங்கள்தான். அந்தப் பிளாஸ்டிக்கைக் கடதாசிக்குச் சேதமில்லாமல் இனி உரிக்க முடியாது. வெட்டிய ஓரங்களோடு குறிப்புகளும் போய்விட்டன.

வரைந்தவர் பெயரையே கேட்காத வாசகர்களாகத்தான் நாங்களும் வளர்ந்தோம். 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸ் தந்த இரும்புக்கை மாயாவியை மனப்பாடமாக அறிந்த எனக்கு, அதை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஹெசூஸ் பிளாஸ்கோ என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. அமெரிக்காவிலும் மூலங்களைக் குப்பையாக நினைத்த காலம் இருந்தது. அங்கு பேர்பெற்ற சித்திரக்கதை ஓவியரான ஜேக் கர்பி போன்ற ஒருவரே தாம் வரைந்த பல்லாயிரம் பக்கங்களில் சுமார் 2,000ஐ மட்டும், அதுவும் பதிப்பகத்தோடு நெடுங்காலம் போராடி, 1987இல்தான் திரும்பப் பெற்றார். மாமா கொழும்புக்குப் போகும்போதெல்லாம் அலுவலகத்தில் கேட்டு வாங்கி வந்ததால்தான் இந்த 41 பக்கங்களாவது மிஞ்சின. 1978 சூறாவளியில் வீட்டுக் கூரை போனபோதும் அந்தப் பெட்டியைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு ஓடியதாக மாமி சொல்கிறார்.

இப்போது ஒவ்வொரு பக்கத்தையும் இருபுறமும் படமெடுத்து, அளவும் திகதியும் எழுதிவருகிறோம். பக்கங்களுக்கு இடையே அமிலமில்லாத தாள் வைத்து, கறையான் ஏறாத இரும்பு அலுமாரியின் மேல் தட்டில் கிடையாக வைத்திருக்கிறோம். 26 பக்கங்களுக்குத் திகதி உறுதியாகிவிட்டது. மீதிக்கு அந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களைப் பார்க்க வேண்டும். அதற்காக அடுத்த மாதம் கொழும்பு சுவடிகள் திணைக்களத்துக்குப் போகிறேன். மாமியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.