பென்ஷன் தொகையைவிடப் பெரிய கேள்வி

தனியார் வேலையில் ஓய்வு பெற்றவர்களுக்கு பி.எஃப். கணக்கோடு சேர்ந்து வரும் பென்ஷனைப் (இ.பி.எஸ். 95 திட்டம்) பற்றிப் பேச்சு வந்தாலே "குறைந்தபட்சம் எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியில் போய் நின்றுவிடுகிறோம். 2014 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டே, கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 3,000 ரூபாயாவது கொடுங்கள் என்று சொல்லியிருந்தது. ஓய்வூதியர் சங்கங்கள் 7,500 ரூபாயும் அதோடு பஞ்சப்படியும், அதாவது விலைவாசிக்கு ஏற்ப ஏறும் படியும், கேட்டுப் போராடுகின்றன. 7,500 நியாயமான கோரிக்கை. ஆனால் அந்தக் கோரிக்கைக்கு உயிர் இருப்பது பஞ்சப்படியில்தான். செய்தியிலும் விவாதத்திலும் அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். சிங்காநல்லூர் பக்கம் ஒரு நூற்பாலையில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். வருடா வருடம் ஆயுள் சான்றிதழ் கொடுக்க அவருடன் நான்தான் போவேன். பஞ்சிலும் நூலிலும் தேய்ந்த விரல் என்பதால் கைரேகை சட்டென்று விழாது. துடைத்துத் துடைத்து வைக்க வேண்டும். அவருடைய பாஸ்புக்கைப் பார்த்திருக்கிறேன். பென்ஷன் வரவு 1,832. அடுத்த மாதமும் 1,832. பக்கத்தைத் திருப்பினாலும் அதே 1,832. "அரிசி, கேஸ் எல்லாம் ஏறுதுங்க தம்பி, இது மட்டும் அசையவே மாட்டேங்குது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

இ.பி.எஸ். 95 திட்டத்தில் பென்ஷனை ஒருமுறை நிர்ணயித்துவிட்டால், விலைவாசி எங்கே போனாலும் அது தானாக ஏறாது. நாளைக்கே 7,500 என்று அறிவித்தாலும், பஞ்சப்படி இல்லாவிட்டால் பத்து வருடத்தில் அதையும் விலைவாசி தின்றுவிடும். அப்புறம் மறுபடியும் டெல்லி, மறுபடியும் உண்ணாவிரதம். எழுபது வயதுக்காரர்களை எத்தனை முறை தெருவில் உட்கார வைப்பது?

விலைவாசியை அளக்க வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் கோவை, சேலம், மதுரை என்று தொழில் நகரங்களின் கடைகளில் விலையைக் குறித்து, மாதாமாதம் ஒரு குறியீட்டெண் வெளியிடுகிறது. அதன் பெயரே தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண். அதை வைத்துத்தான் மத்திய அரசு ஊழியர்களுக்கும் அவர்களின் ஓய்வூதியர்களுக்கும் ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி, அதாவது இதே பஞ்சப்படி, கணக்கிடுகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஆலைத் தொழிலாளியின் மளிகைச் செலவை அளந்து கட்டிய எண், அதே ஆலைத் தொழிலாளியின் பென்ஷனுக்கு மட்டும் ஏன் பொருந்தவில்லை?

இதே கோளாறு சம்பள உச்சவரம்பிலும், அதாவது மாதச் சம்பளத்தில் எவ்வளவு வரை பென்ஷன் கணக்கில் எடுப்பது என்ற வரம்பிலும், இருக்கிறது. 2001-இல் 6,500 ஆக்கினார்கள். 2014-இல் 15,000. எப்போது உயரும், எந்தக் கணக்கில் உயரும் என்பதற்கு விதி கிடையாது. அரசு மனசு வைத்தால் உண்டு. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் சம்பள வரம்பு 2017-லேயே 21,000 ஆகிவிட்டது. இந்த 15,000-ஐ வைத்துத்தான் பென்ஷன். கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணிக்காலத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்கிறார்கள். அதிகச் சம்பளத்துக்குப் பென்ஷன் கேட்டு விருப்பம் கொடுத்தவர்கள் தனி. மற்றவர்களுக்கு 35 வருடக் கணக்கு வந்தாலும் 7,500 ரூபாய்தான்.

இளையவர்களுக்கு இதைவிட மோசம். 2014 செப்டம்பருக்குப் பிறகு, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000-ஐத் தாண்டி முதல் வேலையில் சேர்ந்தவருக்கு இந்தப் பென்ஷன் திட்டத்திலேயே இடமில்லை. சம்பளம் ஏற ஏற, வரம்பு நின்ற இடத்திலேயே நின்றால், புதிதாக உள்ளே வருகிறவர்கள் குறைந்துகொண்டே போவார்கள். நிதிக்கு வருகிற பணமும் குறையும்.

"பணத்துக்கு எங்கே போவது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். சம்பளத்தில் 12 சதவீதம் என்று முதலாளி போடும் பி.எஃப். பங்கில் 8.33 சதவீதம் இந்தப் பென்ஷன் நிதிக்குப் போகிறது. அரசு 1.16 சதவீதம் போடுகிறது. 15,000 சம்பளத்துக்கு அது 174 ரூபாய். தொழிலாளியின் பங்கிலிருந்து பென்ஷனுக்கு எதுவும் போவதில்லை. வரம்பை உயர்த்தினால் வரவும் உயரும். அரசு தன் பங்கை ஏற்ற வேண்டும். தொழிலாளியும் ஒரு சதவீதம் போடட்டும் என்றால்கூட நான் எதிர்க்க மாட்டேன். சங்கத் தோழர்கள் என்னுடன் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். ஆனால் அந்த ஒரு சதவீதத்துக்கு ஈடாக, பென்ஷனும் வரம்பும் ஆண்டுதோறும் குறியீட்டெண்ணோடு சேர்ந்து ஏறும் என்று சட்டத்திலேயே எழுதித் தர வேண்டும். அறிவிப்பாக வேண்டாம், சலுகையாக வேண்டாம்.

திருப்பூரில் கம்பெனி மாறும்போதெல்லாம் பி.எஃப்.போடு பென்ஷன் பணத்தையும் எடுத்துவிடும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பத்து வருடப் பணிக்காலம் சேர்ந்தால்தான் மாதப் பென்ஷன். இடையில் எடுத்தால் அந்த வருடங்கள் கணக்கில் நிற்காது. பழைய கணக்கைப் புதிய கம்பெனிக்கு மாற்றுங்கள், வேலையை விடுகிறீர்கள் என்றால் 10சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாக, பணிக்காலத்தைக் கணக்கில் காத்து வைக்கும் திட்டச் சான்றிதழ் கேளுங்கள். படிவம் நிரப்பத் தெரியவில்லை என்றால் இங்கேயே கேளுங்கள், சொல்லித் தருகிறேன்.