குறுந்தொகை 301-ஐக் கடைசி அடியிலிருந்து படியுங்கள்

அன்றில் வரும் சங்கப் பாட்டு எதைப் பகிர்ந்தாலும் வாசகர்கள் உடனே சொல்வது ஒன்றுதான். "இணைபிரியாத பறவை. ஒன்று செத்தால் மற்றதும் உயிரை விட்டுவிடும். காதல் என்றால் அப்படி இருக்கணும்." குறுந்தொகையின் 301-ஆம் பாட்டுக்கும் இதே பதில்தான் வருகிறது. அந்தப் பாட்டில் எந்தப் பறவையும் சாகவில்லை, பிரியவும் இல்லை. ஒரு பெடை தன் கூட்டிலிருந்து நடுச்சாமத்தில் கத்துகிறது. அந்த இரவில் ஒருத்தி தூங்காமல் கிடக்கிறாள். சாயல்குடி, நரிப்பையூர், பெரியபட்டினம், தேவிபட்டினம் என்று பனையும் கடலும் சேர்ந்தே கிடக்கிற நம் ராமநாதபுரம் கரையோரத்து ஆட்களாவது இந்தப் பாட்டை அதற்குரிய காதோடு படிக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. அதனால்தான் இந்த நீளப் பதிவு.

பாட்டு இது. பாடியவர் குன்றியனார்.

முழவுமுதல் அரைய தடவுநிலைப் பெண்ணைக்
கொழுமடல் இழைத்த சிறுகோற் குடம்பைக்
கருங்கால் அன்றிற் காமர் கடுஞ்சூல்
வயவுப்பெடை அகவும் பானாட் கங்குல்
மன்றம் போழும் இனமணி நெடுந்தேர்
வாரா தாயினும் வருவது போலச்
செவிமுதல் இசைக்கும் அரவமொடு
துயில்துறந் தனவால் தோழியென் கண்ணே.

முதன்முறை படிப்பவர்கள் மேலிருந்து தொடங்கி நாலாம் அடிக்குள் வழி தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முதல் நான்கு அடிகளில் முற்றுவினையே கிடையாது. பனை, பனையின் மடல், மடலில் கூடு, கூட்டுக்குரிய அன்றில், அன்றிலின் பெடை, பெடை அகவுகிற இரவு என்று எல்லாம் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு போகிறது. முற்றுவினை கடைசி அடியில்தான் இருக்கிறது: துயில் துறந்தன. எழுவாய் அதற்கும் பின்னால், பாட்டின் கடைசிச் சொல்லாக வருகிறது: என் கண்.

ஆகவே எட்டாம் அடியை முதலில் எடுங்கள். "தோழி, என் கண்கள் தூக்கத்தைக் கைவிட்டன." எதனால்? ஏழாம் அடிக்கு ஏறுங்கள்: காதுக்குள் ஒலிக்கிற ஒரு சத்தத்தால். என்ன சத்தம்? ஐந்தும் ஆறும்: ஊர் மன்றத்தைப் பிளந்துகொண்டு வருகிற, மணிகள் கட்டிய நெடுந்தேரின் சத்தம். தேர் வரவில்லை, வருவது போலக் கேட்கிறது. எப்போது? இப்போது முதல் நான்கு அடிகளையும் சேர்த்துப் படியுங்கள்: முழவு போல அடிபருத்த உயர்ந்த பனையின் கொழுத்த மடலில் சிறு குச்சிகளால் கட்டிய கூட்டில், தலைச்சூல் கொண்டு மசக்கையில் இருக்கிற அன்றில் பெடை கத்துகிற நடுச்சாமத்தில். இரண்டு தடவை இப்படிக் கீழிருந்து ஏறிவிட்டு அப்புறம் மேலிருந்து இறங்கினால் உரை பார்க்காமலே பாட்டு விளங்கும். பள்ளிக்கூடத்தில் நடத்துகிற ஆசிரியர்கள் பதவுரையில் தொடங்காமல் இந்த ஏற்றத்தில் தொடங்கிப் பார்க்கலாம். பதவுரையில் தொடங்கினால் பிள்ளைகள் "வயவு" என்ற சொல்லோடு நின்றுவிடுகிறார்கள், அவளைப் போய்ச் சேருவதில்லை.

சொல்கிறவள் யார், எந்த நிலையில் சொல்கிறாள் என்பதை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் படத்தில் போட்டுப் பகிர்வது அடுத்த கோளாறு. திருமணம் இன்னும் முடியவில்லை. இவள் எப்படித் தாங்கப் போகிறாள் என்று தோழி கவலைப்படுகிறாள். அவளுக்குத் தலைவி சொல்லும் பதில் இது. ஒரே ஒரு வரி போதும், "திருமணம் தள்ளிப்போகிற காலத்தில் தலைவி தோழிக்குச் சொன்னது" என்று மேலே போட்டுவிடலாம். அது இல்லாததால்தான் பாதிப்பேர் இதைக் காதல் தோல்வி என்று படிக்கிறார்கள்.

இனிப் பறவைக்கு வருவோம். கத்துவது ஆண் என்றே பெரும்பாலானவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றாம் அடியில் "அன்றில்" என்ற சொல்லில் மூச்சு விட்டு நிறுத்திவிடுவதால் வருகிற பிழை இது. அன்றிலின் பெடைதான் அகவுகிறது, அதுவும் முதல்முறையாகச் சூல்கொண்ட பெடை. இரவில் பாடும் பறவை என்றதும் நைட்டிங்கேலை நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நைட்டிங்கேலில் பாடுவது ஆண். இரவெல்லாம் பாடுவது பெரும்பாலும் துணை கிடைக்காத ஆண். அது நம் ஊர்ப் பறவையும் இல்லை. ஆங்கிலக் கவிதை படித்த பழக்கத்தில், துணை தேடி ஏங்குகிற ஆணின் இன்னிசையை இங்கேயும் தேடினால் குன்றியனார் வைத்த ஆள் கண்ணில் படமாட்டாள்.

பெடைக்கு ஏன் சூல்? வாசகர்கள் கேட்கிற கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதற்கு இரண்டு விதமான பதில் சொல்கிறார்கள். ஆண் இரை தேடப் போய்விட்டது, பெடை தனியாகக் கத்துகிறது, ஆகவே அதுவும் தலைவியும் ஒரே நிலை என்பது ஒன்று. அந்தப் பெடைக்கு வீடு இருக்கிறது, துணை இருக்கிறது, வயிற்றில் குஞ்சும் இருக்கிறது, தலைவிக்கு இதில் ஒன்றுமே இல்லை என்பது மற்றொன்று. நான் இரண்டாவதின் பக்கம். ஆண் போய்விட்டதாகப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் கூடு எதனால் கட்டியது, எந்த இடத்தில் கட்டியது என்று ஒரு முழு அடி இருக்கிறது. எட்டு அடிப் பாட்டில் ஒரு அடியைக் கூட்டுக்குக் கொடுக்கிறவர் சும்மா கொடுக்கமாட்டார். மணமாகாத ஒருத்தி பக்கத்துப் பனையில் ஒரு குடும்பம் நடப்பதைக் கேட்கிறாள். பொறாமை என்று அவள் வாய் திறந்து சொல்லவில்லை. சூல், மசக்கை, கூடு என்று அந்தக் குடும்பத்தின் நிறைவை மட்டும் சொல்லிவிட்டுத் தன் கண்ணைப் பற்றிப் பேசப் போய்விடுகிறாள்.

அப்படியானால் "இணைபிரியாத அன்றில்" எங்கிருந்து வந்தது? பழைய பாட்டில் ஆதாரம் இல்லாமல் இல்லை. நற்றிணை 124-இல் "ஒன்றில் காலை அன்றில் போலப் புலம்புகொண்டு உறையும் புன்கண் வாழ்க்கை" என்று வருகிறது. துணை இல்லாதபோது அன்றில் தனிமையில் வாடி வாழ்கிறது என்பது அதன் பொருள். அங்கேயும் அது சாகவில்லை, வாழ்கிறது. அதுதான் கொடுமை. பூ ஒன்று இடையில் வந்தாலே ஓர் ஆண்டு கழிந்தது போலத் தவிக்கிற பறவை குறுந்தொகை 57-இல் வருகிறது. அது நீரில் வாழும் மகன்றில், வேறு பறவை. பேச்சாளர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கி, மேலே சாவையும் சேர்த்து மேடைக்கு மேடை சொல்லிச் சொல்லி, இப்போது கல்யாணப் பத்திரிகை வரை போய்விட்டது. பத்திரிகையில் இருந்துவிட்டுப் போகட்டும். 301-ஐப் படிக்கும்போது மட்டும் அதை வெளியே வைத்துவிடுங்கள்.

வாய்விட்டுப் படிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இந்தப் பாட்டின் உயிர் ஓசையில் இருக்கிறது. இது நேரிசை ஆசிரியப்பா. ஈற்றயலடி, அதாவது கடைசிக்கு முந்தின அடி, மூன்று சீரோடு நின்றுவிடும். மற்ற அடிகள் நாலு சீர். இங்கே அந்தக் குறைந்த அடி எது? "செவிமுதல் இசைக்கும் அரவமொடு." வராத தேரின் சத்தம் காதில் விழுகிற அடி. அங்கே ஒரு சீர் இல்லை. படிக்கும்போது அந்த இல்லாத சீருக்குரிய நேரத்தை நிரப்பாமல் விட்டுவிடுங்கள். கேட்கிறவர்கள் தாமாகவே காதைத் தீட்டிக்கொள்வார்கள். அவசரமாக எட்டாம் அடிக்குத் தாவினால் அந்த இடம் போய்விடும். முதல் நாலு அடியில் மூச்சு விட இரண்டாம் அடியின் முடிவும் நாலாம் அடியின் முடிவும்தான் இடம். மூன்றாவதையும் நாலாவதையும் பிரிக்கக் கூடாது, "கடுஞ்சூல் வயவுப்பெடை" ஒரே மூச்சில் வர வேண்டும். ஐந்தாம் அடியில் வேகம் கூடலாம், தேர் அல்லவா. ஆறாம் அடியில் "வாரா தாயினும்" என்பதை இறக்கி, "வருவது போல" என்பதை ஏற்றிப் படித்தால் அவள் மனசு ஏமாறுவது குரலிலேயே தெரியும்.

பின்னணியில் புல்லாங்குழலும் குயில் சத்தமும் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அன்றில் குயில் போலக் கூவுகிற பறவை இல்லை. குறிஞ்சிப்பாட்டு அதன் குரலை "ஏங்குவயிர் இசைய" என்கிறது. வயிர் என்பது ஊதுகொம்பு. அகவும், நரலும் என்றுதான் புலவர்கள் சொல்கிறார்கள். இனிமையான பாட்டாக இருந்தால் அவளுக்குத் தூக்கம் வந்திருக்கும்.

இந்தக் கரையோரத்துக்காரர்களுக்கு ஐந்தாம் அடிக்கு உரையே தேவையில்லை. வாடை தொடங்கி வடகடல் கொந்தளிக்கிற மாதங்களில் கடலுக்குப் போன படகு சொன்ன நேரத்துக்குத் திரும்பாவிட்டால் வீட்டில் இருக்கிறவர்களுக்கு எஞ்சின் சத்தம் காதுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். "இப்ப வந்த மாதிரி இருந்துச்சே" என்று எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். தேர்மணி இருந்த இடத்தில் டீசல் எஞ்சின் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பாம்பனிலோ தொண்டியிலோ ஒரு மீனவர் வீட்டுப் பெண் இந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு இதைச் சொன்னால், "அன்றில் நெய்தலின் கருப்பொருள்" என்று தேர்வுத்தாளில் எழுதுகிற பதிலைவிட நூறு மடங்கு பாட்டுக்குள் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

பாட்டோடு போடுகிற படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காதல் பறவைகள் என்று கடையில் விற்கும் கிளிகள், அன்னம், மயில் எல்லாம் அன்றிலாக உலாவுகின்றன. சங்கப் பறவைகளை ஆராய்ந்தவர்களில் பலர் அன்றிலாகக் கொள்வது கருப்பு அரிவாள் மூக்கனை. கரிய உடல், தோளில் வெள்ளைத் திட்டு, உச்சந்தலையில் இறகில்லாத சிவப்புத் திட்டு, கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகு. குச்சிகளால் மேடை போலக் கூடு கட்டும், பனையின் தலையிலும் கட்டும். 2 முதல் 4 முட்டை, ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். கத்தினால் காது கூசும். செந்தலை, கொடுவாய், மடலில் கூடு, கொம்பு போன்ற குரல் நான்கும் பொருந்துகின்றன. கால் மட்டும் இடிக்கிறது: பாட்டில் கருங்கால், இந்தப் பறவைக்கோ செங்கல் நிறக் கால். எனக்கு மற்ற நான்கும் போதும்.

நம் மாவட்டத்தில் இதைத் தேடுகிறவர்கள் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர் கண்மாய்களுக்குப் போய் வெள்ளை அரிவாள் மூக்கனைப் படம் பிடித்து அன்றில் என்று போடுகிறார்கள். வெள்ளை உடலும் கரிய மொட்டைத் தலையும் இருந்தால் அது இது இல்லை. செம்பழுப்பாக மினுமினுத்துக்கொண்டு கூட்டமாக இருந்து, தலையில் சிவப்பே இல்லாவிட்டால் அதுவும் வேறு அரிவாள் மூக்கன். கருப்பு அரிவாள் மூக்கனுக்குத் தண்ணீர் அவ்வளவு வேண்டாம். தரிசு, உழுத புஞ்சை, கண்மாயின் காய்ந்த விளிம்பு, இங்கேதான் இரண்டு மூன்றாக மேயும். பொழுது சாய்ந்து மரத்துக்குத் திரும்பும்போது குரல் கேட்கும். பதநீர்க் காலத்தில் காலையும் மாலையும் ஆள் ஏறுகிற பனைகளை விட்டுவிட்டு, ஏறாமல் காவோலை தொங்குகிற பனைகளைப் பாருங்கள். கூடு தெரிந்தால் தள்ளியே நில்லுங்கள், டார்ச் அடிக்காதீர்கள். கைபேசியில் அதன் குரலை ஓடவிட்டுக் கூப்பிடவே கூடாது. எதிரி வந்துவிட்டதென்று கூட்டை விட்டு எழுந்துவிடும், அந்த நேரத்தில் காக்கை முட்டையைத் தூக்கிவிடும்.

301 பிடித்தவர்கள் அடுத்துப் படிக்க வேண்டியது குறுந்தொகை 160. மதுரை மருதன் இளநாகனார் பாடியது. பிழையில்லாத பாடம் வேண்டுமென்றால் உ.வே.சா. 1937-இல் வெளியிட்ட உரைப்பதிப்பைப் பாருங்கள்.

நெருப்பின் அன்ன செந்தலை அன்றில்
இறவின் அன்ன கொடுவாய்ப் பெடையொடு
தடவின் ஓங்குசினைக் கட்சியில் பிரிந்தோர்
கையற நரலும் நள்ளென் யாமத்துப்
பெருந்தண் வாடையும் வாரார்
இஃதோ தோழிநம் காதலர் வரைவே.

பிரிந்தவர்கள் செயலற்றுப் போகும்படி அன்றில் கத்துகிற நடுச்சாமத்து வாடையிலும் அவர் வரவில்லை, நம் காதலர் நம்மை மணக்கிற விதம் இதுதானா தோழி என்று கேட்கிறாள் தலைவி. இங்கே கூடு பனையில் இல்லை, தடா மரக் கிளையில். சிவந்த தலையை ஆணுக்கும் வளைந்த அலகைப் பெடைக்கும் புலவர் பங்கிட்டுக் கொடுக்கிறார். உண்மையில் கருப்பு அரிவாள் மூக்கனில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். இறவு என்பது நம் இறால்தான். வேகவைத்த இறால் வளையமாகச் சுருண்டுவிடும், அந்த அலகுக்கு அவ்வளவு வளைவு கிடையாது. வலையிலிருந்து எடுத்த பச்சை இறாலின் முதுகு எப்படி மெல்ல வளைந்து நுனியில் இறங்குகிறதோ, அந்த வளைவு. ஏலக்கூடத்தில் இறாலைக் கையில் எடுக்கிறவர்களுக்கு இந்த உவமை எவ்வளவு துல்லியமானது என்று தெரியும்.

ஐந்தாம் அடியை எண்ணிப் பாருங்கள். மூன்றே சீர், "வாரார்" என்பதோடு நின்றுவிடுகிறது.