டிசையர் என்பது வான்ட்டின் மரியாதை வடிவம் அல்ல

ஆசையைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களைப் பற்றி, "வான்ட், விஷ், டிசையர் மூன்றுக்கும் ஒரே பொருள்தான், மரியாதை வேண்டுமென்றால் டிசையர் போடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி யாரும் வேலைக்கு விண்ணப்பம் எழுதிவிடாதீர்கள். ஆங்கிலத்தில் மரியாதைக்கு வழக்கமாக வருவது 'வுட் லைக்'. டிசையர் அன்றாடப் பேச்சில் அரிது. ஒரு ஆளைக் குறித்துச் சொன்னால் உடல் சார்ந்த ஆசையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

விஷ்தான் பலரும் இடறும் இடம். 'ஐ விஷ் டு ஸ்பீக்' என்றால் பேச விரும்புகிறேன். கொஞ்சம் விறைப்பான நடை, அவ்வளவுதான். 'ஐ விஷ் ஐ நியூ' (I wish I knew) என்றாலோ, தெரிந்திருந்தால் நன்றாயிருக்குமே என்ற ஆதங்கம். பேசுவது இப்போதைய நிலையைப் பற்றி, ஆனால் வினை இறந்தகாலத்துக்குப் போய்விடுகிறது, கவனியுங்கள். வான்ட்டை அந்த இடத்தில் வைக்கவே முடியாது.

அந்த வான்ட்கூட ஆதியில் ஆசையைக் குறித்த சொல் இல்லை. ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸிலிருந்து வந்தது, பொருள், குறைவுபடுதல். 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளின் 23ஆம் சங்கீதத்தில் வரும் 'ஐ ஷல் நாட் வான்ட்' என்பதை 'ஆசைப்பட மாட்டேன்' என்று படித்தால் அர்த்தமே கெட்டுவிடும். தமிழில் 'நான் தாழ்ச்சியடையேன்' என்று மிகச் சரியாகப் பெயர்த்திருக்கிறார்கள்.

ஆசையைச் சொல்லும் வேறு மூன்று சொற்களும் இப்படித்தான் வேறுபடும். க்ரேவ் அடக்க முடியாத தவிப்பு, பெரும்பாலும் உடம்பு கேட்பது. யேர்ன், எட்டாததை நினைத்து நீண்ட நாள் ஏங்குவது. கவெட் பிறர் பொருள்மேல் கண் வைப்பது. ஆனால் 'கவெட்டட் அவார்ட்' என்றால் பலரும் விரும்பும் விருது, அங்கே பழிச்சொல் இல்லை.