எல்லாக் கூலன்ட்டும் ஒன்றுதான் என்று சொன்னது யார்?

மூன்று நாள்களாக என் பழைய காரின் ரேடியேட்டரைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் என்ற தெளிவான பச்சைத் திரவம் இருக்க வேண்டிய இடத்தில், குழைத்த களிமண்ணைப் போல வழவழவென்று ஒரு பழுப்புச் சேறு விரலோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. வேறொரு வேலைக்காக வண்டியை விட்டிருந்த பட்டறையில் கூலன்ட் சற்றுக் குறைந்திருப்பதைப் பார்த்த ஒருவர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கைக்கு எட்டிய ஆரஞ்சு நிற நீண்டகாலக் கூலன்ட்டை ஊற்றி நிரப்பிவிட்டார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, “எல்லாம் ஒன்றுதான் சார், இது அதைவிட உசத்தி” என்று பதில் வந்தது. அந்தப் பதில்தான் என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம்.

எல்லாம் ஒன்றல்ல! என் காருடைய காலத்தில் எஞ்சின் வார்ப்பிரும்பால் ஆனது. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். குழாய்கள் தொட்டியோடு சேரும் ஒவ்வோர் இடத்திலும் ஈயப்பற்று. அந்த உலோகங்களைக் காப்பதற்கென்றே வந்த பழைய வகைக் கூலன்ட்டில், அடிப்படைத் திரவமான எத்திலீன் கிளைக்காலோடு சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற கனிம உப்புகள் சேர்க்கப்பட்டிருக்கும். அவை விரைவாகவே உலோகத்தின் உட்சுவர் முழுவதும் மெல்லிய காப்புப் படலமாகப் படிந்துவிடும். படியப் படியச் செலவாகியும் போகும். ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை, அல்லது 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்வதற்கு அதுதான் காரணம். நீண்டகால வகையில் கரிம அமிலங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. அவை அரிப்பு தலைகாட்டும் இடத்தில் மட்டும் வினைபுரிவதால் 5 ஆண்டுகள்கூட உழைக்கும். அலுமினியம் மிகுந்த புதிய எஞ்சின்களுக்கு அது நல்ல மருந்து என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அமிலங்களில் சில, பழைய ஈயப்பற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை. இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் நீண்ட ஆயுள் என்ற பேச்சே முடிந்துபோகும். சில கலவைகளில் உப்புகள் திரிந்து, நான் மூன்று நாள்களாக அள்ளிக்கொண்டிருக்கும் இந்தச் சேறாகவே மாறிவிடும்.

இதற்கெல்லாம் வேர், நிறத்தைப் பார்த்து வகையைத் தீர்மானிக்கும் பழக்கம். நிறம் வெறும் சாயம். எந்த வகைக்கு எந்தச் சாயம் என்று உலகம் முழுவதற்குமான பொது விதி எதுவும் கிடையாது. பச்சை நிறத்திலேயே கரிம அமிலக் கூலன்ட்டும் விற்கிறது. புட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்க அரை நிமிடம் ஆகுமா? அந்த அரை நிமிடத்தைச் செலவழிக்க மனமில்லாதவர், அடுத்தவருடைய வண்டியின் மூடியைத் திறக்கவே கூடாது.

இதே மயக்கத்தின் இன்னொரு முகம், ‘பச்சையாகத்தானே இருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும்’ என்ற வாதம். சாயம் மங்காமல் இருக்கும்போதே காப்பு உப்புகள் தீர்ந்துபோயிருக்கலாம். கிளைக்காலும் நாளடைவில் சிதைந்து அமிலமாகத் திரும்பும். ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சான்று கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கருவி கிளைக்கால் எவ்வளவு இருக்கிறது என்று மட்டுமே சொல்லும், அரிப்புக்குக் காப்பு மிச்சம் இருக்கிறதா என்று சொல்லாது.

தண்ணீர் விஷயத்தில் நடக்கும் அநியாயம் இதைவிடக் கொடுமை. குழாய்த் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் பாறை போலப் படிந்துவிடும். டிஸ்டில்டு வாட்டர் என்று சொன்னால் ‘வண்டி குடிக்கவா போகிறது’ என்று சிரிக்கிறார்கள். வேறு சிலர், தண்ணீரே வேண்டாம், கெட்டியாக ஊற்றினால் பலம் என்கிறார்கள். கலக்காத எத்திலீன் கிளைக்கால் சுமார் -13 டிகிரியிலேயே உறைந்துவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்தால்தான் ஏறத்தாழ -37 டிகிரி வரை தாங்கும். வெப்பத்தை ஏந்திச் செல்வதில் தண்ணீருக்கு நிகராகக் கிளைக்கால் வராது என்பதால், கெட்டியாக ஊற்றிய வண்டி வெயிலிலும் திணறும்.

சரி, இப்போது என் பாட்டைச் சொல்கிறேன். டிஸ்டில்டு வாட்டரை நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, சூடேறினால் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சுடும் வரை ஓட்டி, ஆறவிட்டு, ரேடியேட்டரின் அடியிலும் எஞ்சின் பிளாக்கிலும் உள்ள வடிகால் திருகுகளைத் திறந்து வடிக்கிறேன். ஏழு முறை செய்தாகிவிட்டது. எவ்வளவு வடித்தாலும் உள்ளே கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும் என்பதால், பாதிக்குப் பாதி கலந்ததை ஊற்றினால் நீர்த்துப்போகும். மொத்தக் கொள்ளளவு 8 லிட்டர் என்றால் முதலில் 4 லிட்டர் கலக்காத கூலன்ட்டை ஊற்றிவிட்டு, மீதியைத் தண்ணீரால் நிரப்ப வேண்டும். வடித்த கழிவை மூடி போட்ட கேனில் பிடித்து வைத்திருக்கிறேன். அதைத் தரையில் ஓடவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயோ பூனையோ அதை நக்கினால் சிறுநீரகம் செயலிழந்து துடித்துச் சாகும்.

ஏழாம் முறை வடித்த தண்ணீரில் இன்னும் இலேசான பழுப்பு தெரிகிறது. நாளை மறுபடியும் கழுவுவேன். தண்ணீர் தெளிந்த பிறகு, சிலிக்கேட் உள்ள பழைய வகைக் கூலன்ட்டையே ஊற்றி, அதன் வகையையும் ஊற்றிய தேதியையும் பொறித்த தகடு ஒன்றை ரேடியேட்டரின் கழுத்தில் கம்பியால் கட்டிவிடப் போகிறேன். அதன் கடைசி வரி: “என்னைக் கேட்காமல் இதில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது.”