பதினைந்தாம் ஆண்டு என்னும் அளவுகோல்

15 ஆண்டு அனுபவமுள்ள தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் ஊதியத்தை டாலரில் வரிசைப்படுத்தி, லக்சம்பர்க்கை முதலிடத்தில் வைத்திருக்கும் ஒரு கட்டுரையைக் கவனமாகப் படித்தேன். விலைவாசி வேறுபாட்டைச் சரிசெய்யும் வாங்கும் திறன் சமநிலை முறையில் தொகைகள் கணக்கிடப்பட்டிருப்பது சரியே. ஆயினும் பதினைந்தாம் ஆண்டு என்பது எல்லா நாடுகளிலும் ஒரே பொருளைத் தருவதில்லை.

ஸ்காட்லாந்தில் வகுப்பாசிரியர் ஒருவர் ஏறத்தாழ ஐந்தாறு ஆண்டுகளிலேயே தமக்குரிய ஊதிய விகிதத்தின் உச்சியை எட்டிவிடுகிறார். பதவி உயர்வு பெறாதவரை, பொது ஊதிய உயர்வைத் தவிர அவர் எதிர்பார்க்க ஏதுமில்லை. தென் கொரியாவிலோ அந்த உச்சியை அடைய 30 ஆண்டுகளுக்கும் மேலாகும் என்பதால், 15 ஆண்டு பணியாற்றியவர் அங்கே பாதி வழியில்தான் நிற்கிறார். இவ்விருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், பணிக்காலம் முழுவதும் ஈட்டும் மொத்த ஊதியம் நம் கண்ணில் படாமலே போய்விடும்.

நாட்டுக்கு நாடு ஒப்பிடுவதைவிட, அதே நாட்டில் பட்டம் பெற்றுப் பிற பணிகளில் இருப்போரின் ஊதியத்தோடு ஒப்பிடுவதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஓஇசிடி எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் உறுப்பு நாடுகள் பெரும்பாலானவற்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் அவர்களைவிடக் குறைவாகவே பெறுகிறார்கள். இளைஞர் ஒருவர் ஆசிரியப் பணியைத் தேர்ந்தெடுக்கும்போது லக்சம்பர்க்கை நினைப்பதில்லை; தம்முடன் படித்த நண்பரின் சம்பளத்தைத்தான் நினைக்கிறார்.